மக்பெத்தும் மனைவியும்: கணவன் மனைவி காட்சிகளை ஒத்திகை பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்தை முழுதாகப் போடுவதற்கு ஒரு வாசகசாலைக்கோ கல்லூரி நாடகக் குழுவுக்கோ ஆளும் பணமும் சேர்வது கஷ்டம். ஆனால் மக்பெத்தும் அவன் மனைவியும் தனியாகப் பேசிக்கொள்ளும் காட்சிகளை மட்டும் எடுத்தால் இரண்டு நடிகர்களை வைத்து அரைமணி நேர நாடகம் போட்டுவிடலாம். நாகர்கோவிலிலும் தக்கலை, கருங்கல் பக்கத்து ஊர்களிலும் பல குழுக்களோடு இந்தக் காட்சிகளை ஒத்திகை பார்த்திருக்கிறேன்.

புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். மனைவி கத்துகிறாள், கணவன் தலை குனிகிறான், கொலை நடந்துவிடுகிறது. இப்படி நடித்தால் "பெண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கெட்டான்" என்ற ஒற்றை வரிதான் பார்க்கிறவர்களுக்கு மிஞ்சும். நாடகத்தில் இருப்பது அதைவிடப் பயங்கரமானது. ஒருவரை ஒருவர் நேசிக்கிற, ஒருவர் மனம் மற்றவருக்கு அத்துப்படியான இரண்டு பேர், அந்த அறிவையே ஆயுதமாக எடுக்கிறார்கள். இது மேடையில் தெரிய வேண்டுமானால் வேலையை ஒரு வரிசையில் செய்ய வேண்டும். அந்த வரிசையைத்தான் கீழே தருகிறேன்.

1. தொடங்கும் முன் தேவையானவை

ஆறு வாரம் ஒதுக்குங்கள், வாரத்துக்கு மூன்று மாலை. இரண்டு நடிகர்கள், வசனம் எடுத்துக்கொடுக்க ஒருவர், தூரத்தில் உட்கார்ந்து பார்க்க மட்டும் ஒருவர். இந்த நான்காவது ஆள் கதை தெரியாதவராக இருந்தால் நல்லது. அவருக்குப் புரியாத இடம் ஊருக்கும் புரியாது.

ஒத்திகை அறைக்குக் கதவு இருக்க வேண்டும். இவர்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து, இவர்கள் கையாலேயே சாகப்போகும் மன்னன் டங்கன் அடுத்த அறையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான், பிறகு தூங்குகிறான். நடக்கும் பேச்செல்லாம் அந்தக் கதவைப் பார்த்துப் பயந்துகொண்டே நடக்கிற பேச்சு. வெட்டவெளியில் ஒத்திகை பார்த்துப் பழகினால் நடிகர்களின் குரலில் அந்தப் பயம் வராது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனிலும் அக்டோபரிலும் தகரக் கூரைக்கு அடியில் ஒத்திகை வைத்தால் மழைச் சத்தத்தை மீறிக் கத்தியே பேசிப் பழகிவிடுவார்கள். அதை மாற்றுவது பெரும்பாடு. ஓட்டுக் கட்டடமோ கான்கிரீட் அறையோ பாருங்கள்.

முடிந்தால் முதல் வாரத்திலேயே நடிகர்களைப் பத்மநாபபுரம் அரண்மனைக்கு அழைத்துப் போங்கள். திங்கட்கிழமை விடுமுறை, அன்றைக்குப் போகாதீர்கள். ஊட்டுப்புரை என்ற சாப்பாட்டுக் கூடத்தின் நீளத்தைக் காட்டி, "இந்தப் பந்தியிலிருந்து நடுவில் எழுந்து போனால் எத்தனை பேர் கவனிப்பார்கள்?" என்று கேளுங்கள். முதல் அங்கத்து ஏழாம் காட்சியில் மக்பெத் செய்தது அதைத்தான். குறுகலான மரப்படிகளில் அவர்களை ஏறி இறங்கச் சொல்லுங்கள். கொலை செய்துவிட்டு அப்படி ஒரு படியில் இருட்டில் இறங்குவது எப்படி இருக்கும் என்று கால் நினைவில் வைத்துக்கொள்ளும்.

2. முதலில் வெட்டுங்கள், அப்புறம் மொழிபெயர்ப்பைப் பாருங்கள்

எடுக்க வேண்டியவை நான்கு: முதல் அங்கம் ஐந்தாம் காட்சி, ஏழாம் காட்சி, இரண்டாம் அங்கம் இரண்டாம் காட்சி, மூன்றாம் அங்கம் இரண்டாம் காட்சி. மேலே எதையும் சேர்க்காதீர்கள். மூன்றாம் அங்கத்து விருந்துக் காட்சிக்கு ஆசைப்படுவார்கள். அதற்குக் கூட்டம் வேண்டும், பேயாக வரும் மக்பெத்தின் தோழன் பாங்கோ வேண்டும்.

வெட்டியதால் விடுபடும் விஷயங்களைச் சொல்ல நம் ஊர் வில்லுப்பாட்டு நன்றாக உதவும். மூன்று சூனியக்காரிகள் மக்பெத்திடம் நீ காடோர் சிற்றரசன் ஆவாய், பிறகு அரசனும் ஆவாய் என்று சொன்னது, அதில் முதல் வாக்கு உடனே பலித்தது, டங்கன் தன் மகன் மால்கமை வாரிசாக அறிவித்தது: இவ்வளவும் ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். வாரிசு அறிவிப்பைக் கண்டிப்பாகச் சேருங்கள். அது இல்லாவிட்டால், சும்மா இருந்தாலே அரசுரிமை வரும்போது இவன் ஏன் கொலைக்குப் போகிறான் என்று கேட்பார்கள். கணவனும் மனைவியும் மேடையில் இருக்கும்போது மட்டும் வில் ஒலிக்கக் கூடாது. பின்பாட்டுக்காரர்கள் "ஆமா" போட்டால் அந்த அறையின் தனிமை போய்விடும்.

மொழிபெயர்ப்பில் மூன்று எச்சரிக்கை.

ஸ்காட்லாந்துப் பிரபுக்களின் பட்டத்தை ஒலிபெயர்த்தால் 'தேன்' என்று வரும். அப்படியே எழுதாதீர்கள். ஒரு குழு எழுதியது. "காடோர் தேனே" என்று மனைவி அழைத்ததும் முன்வரிசையில் யாரோ "மார்த்தாண்டம் தேனா?" என்று கேட்க, அடுத்த பத்து நிமிடம் யாரும் நாடகம் பார்க்கவில்லை. 'சிற்றரசர்' போதும்.

இரண்டாவது, 'பால்' என்ற சொல்லைக் கைவிடாதீர்கள். கணவனைப் பற்றி அவள் முதலில் சொல்லும் குறையே அவனுக்குள் மனித அன்பின் பால் அதிகம் என்பது. அடுத்து தீய சக்திகளை அழைத்து, என் மார்பின் பாலைப் பித்தமாக மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறாள். ஏழாம் காட்சியில் பால் குடிக்கும் குழந்தையைப் பற்றிப் பேசுகிறாள். மூன்றும் ஒரே சரடு. முதல் இடத்தில் 'இரக்கம்' என்று எழுதினால் சரடு அறுந்துபோகும். நமக்குத்தான் 'பால் மனசு' என்ற வழக்கே இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஏழாம் காட்சியில் அவள் கணவனுக்கு உவமையாகச் சொல்லும், மீனுக்கு ஆசைப்பட்டுக் கால் நனையப் பயந்த பூனை. குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் போட்டால் பூனையை அப்படியே விட்டுவிடலாம், ஒரு நொடியில் புரியும். மற்ற இடங்களில் "கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை" என்று மாற்றுவேன். ஆண்மையைக் குத்தும் பேச்சு என்பதால் மீசை மிகவும் பொருந்துகிறது. ஆனால் "கூழுக்கும் ஆசை" என்பதோடு நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மீதியை ஊர் மனதுக்குள் சொல்லிக்கொள்ளும். முழுதாகச் சொன்னால் சிரிப்பு வந்து அந்த இடத்தின் விஷம் போய்விடும்.

3. 'நீங்கள்' எங்கே 'நீ' ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்

இதை வசனம் மனப்பாடம் செய்யும் முன்பே செய்ய வேண்டும். பிறகு மாற்றினால் நாக்கு கேட்காது.

மூலத்தின் ஆங்கிலத்தில் அந்தக் காலத்து மரியாதை முன்னிலையும் ஒருமை முன்னிலையும் தனித்தனியாக இருக்கின்றன. ஏழாம் காட்சியில் அவள் பெரும்பாலும் மரியாதைச் சொல்லில்தான் பேசுகிறாள். கோழை என்று குத்தும் அந்த ஒரு பேச்சின் நடுவில் மட்டும் ஒருமைக்கு இறங்குகிறாள். "இனிமேல் உன் அன்பையும் இப்படித்தான் எடைபோடுவேன்" என்ற இடத்தில் தொடங்கி, பூனை வரும் வரை. அவன் "போதும், பேசாதே" என்றதும், அடுத்த பேச்சில் மறுபடி மரியாதைக்கு ஏறிவிடுகிறாள்.

தமிழில் இது தங்கச் சுரங்கம். கணவனை 'நீங்கள்' என்று மட்டுமே அழைத்துவந்த பெண் திடீரென்று 'நீ' என்றால் நம் ஊர்க் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு இரண்டு நிபந்தனை. முன்னால் ஓரிடத்தில்கூட 'நீ' வந்திருக்கக் கூடாது. அந்த 'நீ' சத்தமாக வரக் கூடாது.

பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, முதல் காட்சியிலேயே நெருக்கம் காட்டுகிறோம் என்று இரண்டையும் கலப்பது. இன்னொரு தவறு 'பிராணநாதா', 'தேவி' என்று பழைய ராஜா நாடகத்து விளி. அந்த விளியில் யாரும் யாரையும் காயப்படுத்த முடியாது. அவள் அவனை 'அத்தான்' என்று அழைக்கட்டும் என்று ஒரு குழு முடிவு செய்தது. எனக்குத் தயக்கமாக இருந்தது, கேட்டபோது பொருந்தியது. 'அத்தான்' என்று சொல்லும் வாய் கொலைத் திட்டம் சொல்லும்போது வரும் குளிர் வேறு. அவன் அவளை 'ஏட்டி' என்று கூப்பிட வேண்டாம். அவன் எப்போதும் அவளைத் தனக்குச் சமமாகவே நடத்துகிறான். அவளுக்கு எழுதிய கடிதத்தில் தன் பெருமையில் பங்காளி என்றுதான் குறிப்பிடுகிறான்.

4. அவனுடைய 'வேண்டாம்' உண்மையாக இருக்கட்டும்

இந்தப் படியைத் தாண்டிப் போனால் மீதி எல்லாம் வீண். பாதி ஒத்திகை நேரத்தை இதற்கே கொடுங்கள்.

ஏழாம் காட்சி தொடங்கும்போது மக்பெத் தனியாக நின்று தனக்குள் பேசுகிறான். நான் அவருக்கு உறவினன், அவருடைய குடிமகன், இன்றைக்கு அவருக்கு விருந்து வைப்பவன், கொலைகாரனைத் தடுக்கக் கதவைச் சாத்த வேண்டியவனே நான், கத்தியை நானே எடுப்பதா? அவர் நல்லவர். என்னைத் தூண்டுவது பேராசை மட்டும்தான். இப்படிப் போகிறது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைப்பவனை நம் மக்கள் மன்னிப்பதில்லை. இங்கே சோறு போட்டவனே நினைக்கிறான். இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் மனைவி வருகிறாள். இந்தக் காரியத்தில் இனி மேலே போக வேண்டாம் என்கிறான். சரி, அவளிடம் என்ன காரணம் சொல்கிறான்? மன்னர் சமீபத்தில் எனக்கு மரியாதை செய்தார், எல்லோரும் என்னை நல்லபடி பேசுகிறார்கள், அந்தப் புதுப் பெருமையைக் கொஞ்ச நாள் அணிந்து பார்க்கலாமே. இவ்வளவுதான். உறவு, விருந்து, பாவம் எதையும் அவளிடம் சொல்லவில்லை.

நடிகரிடம் இரண்டு தாள் கொடுங்கள். ஒன்றில் தனியாகச் சொன்ன காரணங்கள், இன்னொன்றில் மனைவியிடம் சொன்ன காரணங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். குளச்சல் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவர் அப்படிப் பார்த்துவிட்டு, "அப்போ அவ சொல்லது நியாயந்தானே சார், இவன்தான் உள்ளதைச் சொல்லல்லியே" என்றார். இந்தக் காட்சியின் சாவி அதுதான். அவன் மனச்சாட்சியை மறைத்து வைத்துக்கொண்டு கௌரவத்தை முன்னால் நீட்டுகிறான். அவளும் கௌரவத்தையே பிடித்து முறுக்குகிறாள். மனச்சாட்சிக்கு அவள் பதில் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

ஆகையால் தனிமொழியைக் கூட்டத்துக்கு உபதேசம் செய்வதுபோலப் பேச விடாதீர்கள். கதவுப் பக்கம் ஒரு காதை வைத்துக்கொண்டு, சீக்கிரம் முடிவெடுக்க வேண்டிய மனிதனாகப் பேசட்டும். மனைவி வரும் சத்தம் கேட்டதும் முகம் மாற வேண்டும். அந்த முகமாற்றத்தில்தான் 'இவளிடம் உண்மையைச் சொல்லப் போவதில்லை' என்பது தெரியும்.

5. அவளுடைய ஏணி: படி மாறாமல் ஏறுங்கள்

அவள் ஐந்து படியில் அவனை ஏற்றுகிறாள். ஒவ்வொரு படிக்கும் ஒரு மாலை ஒதுக்குங்கள். ஐந்தையும் ஒரே குரலில் சொல்வதுதான் நான் மிக அதிகமாகப் பார்த்த தவறு.

முதல் படி, கேலி. முன்பு நீங்கள் உடுத்தியிருந்த நம்பிக்கை குடிபோதையில் வந்ததா, இப்போது விழித்து முகம் வெளிறி நிற்கிறதா? இது லேசாக வர வேண்டும், சிரிப்புக்குப் பக்கத்தில்.

இரண்டாவது, அன்பைப் பணயம் வைப்பது. இங்கேதான் அந்த 'நீ'. கருங்கலில் ஒரு ஒத்திகை நினைவுக்கு வருகிறது. நடித்த பெண் அதுவரை கை நீட்டி, விரல் காட்டித்தான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று கையில் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. அவன் குடித்து மிச்சம் வைத்த டம்ளர். அதை மேசையில் சத்தமே வராமல் வைத்தார். ஈரமான விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு தடவை துடைத்தார். அவன் பக்கம் திரும்பாமல், "இனிமே உன் அன்பையும் நான் இப்படித்தான் எடுத்துக்கணும்" என்றார். வசனம் எடுத்துக்கொடுப்பவர் தாளைப் பார்க்க மறந்துவிட்டார். அன்றிலிருந்து எல்லாக் குழுவிடமும் டம்ளரைக் கொடுத்துவிட்டு விரலை மடக்கச் சொல்கிறேன்.

மூன்றாவது, ஆண்மை. ஒரு ஆண் செய்யத் தகுந்ததை எல்லாம் செய்வேன், அதற்கு மேல் செய்பவன் ஆணே இல்லை என்கிறான் அவன். மிக நல்ல பதில். நாடகத்திலேயே அவன் சொல்லும் நேர்மையான வார்த்தை இது என்பேன். நடிகர்கள் இதை முணுமுணுத்து விழுங்கிவிடுகிறார்கள். தெளிவாகச் சொல்ல வையுங்கள், ஒரு கணம் அவன் ஜெயித்துவிட்டதுபோலத் தோன்ற வேண்டும். அப்போதுதான் அவளுக்கு அடுத்த படி தேவைப்படுகிறது. "நீ ஒரு ஆம்பளையா?" என்ற பாணியில் அவள் உறுமினால் கூட்டம் விசில் அடிக்கும், நீங்கள் காட்சியை இழந்துவிடுவீர்கள்.

நான்காவது, சத்தியமும் குழந்தையும். நீங்கள்தானே இதை முதலில் என்னிடம் சொன்னீர்கள், சத்தியம் செய்தீர்கள் என்கிறாள். மேடையில் நாம் அப்படி ஒரு சத்தியத்தைப் பார்க்கவில்லை. கடிதத்தில் கொலை என்ற பேச்சே இல்லை. அப்படியானால் திரைக்குப் பின்னால் நடந்ததா, இவள் ஊதிப் பெருக்குகிறாளா? ஒத்திகையின் தொடக்கத்திலேயே இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். இரவில் எப்போதோ அரைகுறையாகப் பேசியதை அவள் சத்தியமாக ஆக்குகிறாள் என்று வைத்துக்கொள்வது என் விருப்பம், ஏனென்றால் அவன் அதை மறுக்கவில்லை.

குழந்தை பற்றிய பேச்சு பயங்கரமானது. பால் கொடுத்திருக்கிறேன், அந்தப் பிள்ளையின் மேல் உள்ள பாசம் எனக்குத் தெரியும், ஆனாலும் உங்களைப்போல் சத்தியம் செய்திருந்தால் சிரித்துக்கொண்டிருக்கும் குழந்தையைப் பிடுங்கித் தலையை மோதியிருப்பேன் என்கிறாள். கை அசைவு ஒன்றும் வேண்டாம். தொட்டில் ஆட்டுவதும் எறிவதும் வேண்டவே வேண்டாம். பாசம் பற்றிய முதல் பாதியை உண்மையான தாயாகச் சொல்லட்டும். நடிக்கும் பெண்ணுக்குக் கூச்சம் இருந்தால் வற்புறுத்தாதீர்கள், முதல் சில நாட்கள் உட்கார்ந்து வாசிக்க மட்டும் விடுங்கள்.

ஐந்தாவது, திட்டம். அவன் "நாம் தோற்றுவிட்டால்?" என்று கேட்கிறான். கவனியுங்கள், கேள்வியே மாறிவிட்டது. செய்யலாமா என்ற கேள்வி போய், செய்ய முடியுமா என்று வந்துவிட்டது. அந்த நொடியில் அவள் ஜெயித்துவிட்டாள், அதை அவளும் உணர வேண்டும். இதற்குமேல் குரல் தணிந்து, வீட்டுக் கணக்குப் பேசுவதுபோல வேகமாகப் போகட்டும்: காவல்காரர்கள் இருவருக்கும் மது, அவர்கள் மயங்கியதும் வேலை, பழி அவர்கள்மேல். அவர்களுடைய கத்தியையே பயன்படுத்தி ரத்தத்தை அவர்கள்மேல் பூசலாம் என்ற யோசனையை அவனே எடுத்துக்கொடுக்கிறான். இந்த வரியை வெட்டாதீர்கள். தூண்டப்பட்டவன் கூட்டாளியாக மாறும் இடம் அது.

6. அவளுக்குள் நடப்பதை மறந்துவிடாதீர்கள்

கதையில் முன்னால் வரும் ஐந்தாம் காட்சியை ஏழாம் காட்சிக்குப் பிறகுதான் ஒத்திகை பார்க்க வேண்டும். ஏழாம் காட்சியின் பலம் தெரிந்த நடிகைக்குத்தான் அந்தப் பலத்தை அவள் கடன் வாங்க வேண்டியிருந்தது என்பது புரியும். இரக்கம் உள்ளே வரும் வழியை அடைத்துவிடுங்கள் என்று தீய சக்திகளிடம் கெஞ்சுகிறாள். இரக்கமே இல்லாதவள் எதற்குக் கெஞ்ச வேண்டும்? இந்த இடத்தைச் சூனியக்காரி சிரிப்போடு நடிக்காதீர்கள். வேண்டுதல்போல, கொஞ்சம் பயத்தோடு.

பிறகு அவன் வருகிறான். அந்தச் சந்திப்பில் அவன் மூன்றே முறைதான் வாய் திறக்கிறான்: டங்கன் இன்றிரவு வருகிறார், நாளைக்குப் போவதாக இருக்கிறார், மேலே பேசுவோம். மற்ற நேரமெல்லாம் அவள். அவன் மௌனத்தை மறுப்பு என்று நடிக்கலாம், ஆசை என்றும் நடிக்கலாம். நான் ஆசை என்பேன். தான் நினைத்ததை இன்னொருவர் வாய் சொல்லக் கேட்கும் நிம்மதி.

பூவைப்போல இருங்கள், அடியில் பாம்பாக இருங்கள் என்று அவள் சொல்லும் இடத்தில் தாழம்பூ என்று வைத்துப் பாருங்கள். தாழம்புதரில் பாம்பு இருக்கும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

7. கொலைக்குப் பிறகு: சின்னச் சொற்கள்

இரண்டாம் அங்கத்தில் கொலை திரைக்குப் பின்னால் நடக்கிறது. அவள் காத்திருக்கிறாள். காவல்காரர்களை மயக்கிய மது எனக்குத் துணிச்சல் தந்தது என்கிறாள். தூங்கும்போது அவர் என் அப்பாவைப்போல இல்லாமல் இருந்திருந்தால் நானே செய்திருப்பேன் என்கிறாள். இந்த வரியைத் தனியாக விடுங்கள், முன்னும் பின்னும் மூச்சு.

அவன் இறங்கி வந்ததும் ஒற்றைச் சொல் பேச்சு: "நீங்க பேசலையா?" "எப்போ?" "இப்போ." "நான் இறங்கும்போதா?" "ஆமா." புதியவர்கள் இதை ஓட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் இருட்டைக் கேட்க வேண்டும். விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்கும் ஊர் இது, மௌனத்துக்குப் பயப்படாதீர்கள்.

கத்திகளை அவன் கையோடு கொண்டுவந்துவிட்டான் என்பதை அவள் உடனே பார்க்கக் கூடாது. 'ஆமென்' சொல்ல முடியவில்லை, தூக்கத்தைக் கொன்றுவிட்டேன் என்று அவன் புலம்பி முடிக்கும் வரை கைகள் நிழலில் இருக்கட்டும். முதலிலேயே தெரிந்தால் அவள் ஏன் இவ்வளவு நேரம் சும்மா இருந்தாள் என்ற கேள்வி வரும்.

8. மைக்

திருவிழா மேடைகளில் பெரும்பாலும் தொங்கும் மைக்தான். நடிகர்கள் இருவரும் அதற்கு அடியில் வந்து, கூட்டத்தைப் பார்த்து நின்று பேசப் பழகியவர்கள். ரகசியம் பேசும் கணவன் மனைவி அப்படி நிற்க முடியாது. மேசையை மைக்குக்கு நேர் அடியில் போட்டுவிடுங்கள். மேசையைச் சுற்றியே காட்சி நடக்கும்போது மைக் தேடி நடக்க வேண்டியதில்லை. மைக் செட்காரரிடம் முன்னாலேயே, இந்த நாடகத்தில் குரல் தணியும், அப்போது சத்தத்தைக் கூட்டுங்கள், எதிரொலியை அணைத்துவிடுங்கள் என்று சொல்லுங்கள்.

9. ஏணி திரும்பும் இடம்

மூன்றாம் அங்கத்துக் காட்சியைச் சின்னதாக வைத்தால் போதும். அவன் அரசனாகிவிட்டான். மனம் முழுக்கத் தேள்கள் என்கிறான். பாங்கோவைக் கொல்ல ஆள் அனுப்பிவிட்டு, என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவள் கேட்கும்போது செல்லமாக, நீ தெரிந்துகொள்ள வேண்டாம் என்கிறான். முன்பு அவள் நின்ற இடத்தில் இப்போது அவனை நிறுத்துங்கள். டம்ளர் அவன் கையில் இருக்கட்டும்.

10. கடைசி வாரம்

மூன்று நாள் முழு ஓட்டம், ஒரு நாள் ஓய்வு, அப்புறம் விளக்கும் உடையும் சேர்த்து ஒரு ஓட்டம். முழு ஓட்டத்தின்போது நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள்.

ரத்தத்துக்குக் கடையில் விற்கும் சிவப்புச் சாயம் வேண்டாம், விளக்கில் இளஞ்சிவப்பாகத் தெரியும். குங்குமத்தைத் தேங்காய் எண்ணெயில் கெட்டியாகக் குழைத்துக்கொள்ளுங்கள். கத்தியைத் திருப்பி வைக்கப் போகும் அவளுக்குக் கதவுக்குப் பின்னால் ஒருவர் உள்ளங்கையிலும் நகக்கண்ணிலும் பூசிவிட வேண்டும், அதற்குக் கிடைப்பது சில நொடிதான், பழகுங்கள். வந்து, கொஞ்சம் தண்ணீர் போதும், இந்தக் கறை போய்விடும் என்று சொல்லிக் கிண்ணத்தில் கை நனைக்கட்டும். எண்ணெய்ப் பூச்சு தண்ணீரில் அசையாது. நடிகை தேய்க்கத் தேய்க்கப் பரவும், அந்தத் தேய்ப்பை நிறுத்தச் சொல்லாதீர்கள். நாடகம் முடிந்ததும் துடைக்க எண்ணெயும் பழந்துணியும் சோப்பும் திரைக்குப் பின்னால் எடுத்து வையுங்கள்.